நிற்கும் கார் சும்மா இருப்பதில்லை

1957 ஜூன் 15. ஓக்லஹாமா, அமெரிக்காவின் ஒரு மாநிலமாகி ஐம்பது ஆண்டுகள் ஆனதைக் கொண்டாடிய டல்சா நகரத்தார், நீதிமன்ற வளாகத்துப் புல்தரைக்கு அடியில் ஒரு புத்தம்புதுக் காரைப் புதைத்தார்கள். தங்க நிறமும் வெள்ளையும் கலந்த பிளைமவுத் பெல்வெடேர். அணுகுண்டு விழுந்தாலும் தாங்கும் என்று சொல்லிக் கட்டிய கான்கிரீட் அறை. காரின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, அதன் மேல் பிளாஸ்டிக் உறை. ஐம்பது வருஷம் கழித்துப் பெட்ரோல் என்ற ஒன்றே புழக்கத்தில் இல்லாமல் போனால் என்ன செய்வது என்ற முன்யோசனையில் பத்து காலன் பெட்ரோலையும் கூடவே வைத்தார்கள். 2007இல் ஊரின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று நெருங்கிக் கணிப்பவருக்கு அந்தக் கார் பரிசு.

2007 ஜூன் மாதம் அறையைத் திறந்தார்கள். அறைக்குள் தண்ணீர் புகுந்து கார் மூழ்கிக் கிடந்திருந்தது. சொன்ன தேதியில், ஜூன் 15 அன்று, ஊரே கூடி நிற்க உறையைப் பிரித்தபோது கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் துரு. இஞ்சினைக் கிளப்ப வழியே இல்லை. ஓடோமீட்டரின்படி அந்தக் கார் வாழ்நாளில் ஓடியது சில மைல்கள் மட்டுமே.

நம் ஊரில் பழைய கார் விற்பவர்கள் இன்றும் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "டாக்டர் வண்டி சார், அதிகம் ஓடவே இல்லை." வாங்குபவருக்கு அது காதில் தேனாகப் பாய்கிறது. ஏழு வருஷத்தில் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்றால் புது வண்டி மாதிரிதானே என்று நினைக்கிறோம். தேய்மானத்தைக் கிலோமீட்டரில் அளந்து பழகிவிட்டதால் வரும் நினைப்பு இது. காருக்குள் நடக்கும் வேதிவினைகளில் பெரும்பாலானவை கிலோமீட்டரைப் பார்ப்பதில்லை, காலண்டரைத்தான் பார்க்கின்றன. அவற்றில் பலவற்றைக் கார் ஓடும்போது உண்டாகும் சூடும் அசைவும் அவ்வப்போது சரிசெய்துவிடுகின்றன. வண்டி நின்றுவிட்டால் வேதிவினை தொடர்கிறது, சரிசெய்யும் வேலை மட்டும் நின்றுபோகிறது.

சென்னையில் எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்திலும் இப்படி நாலைந்து கார்களைப் பார்க்கலாம். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் மெட்ரோவுக்கும் ஆட்டோவுக்கும் மாறிவிட்டார்கள், அல்லது இரண்டாவது கார். உறை போட்டு மூடியிருக்கும், உறையின் மேல் ஒரு விரல்கடை தூசி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் இறங்கி வந்து உறையை அரைகுறையாக விலக்கி, ஸ்டார்ட் போட்டு, பத்து நிமிடம் உறுமவிட்டு, அணைத்துவிட்டு மேலே போவார். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது நாடு முழுவதும் இந்தச் சடங்கு பரவியது. நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்தக் காரியம் காருக்கு நன்மையைவிடத் தீமையையே அதிகம் செய்கிறது என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது. அதை பேட்டரியிலிருந்து தொடங்கலாம். நின்ற கார் முதலில் கைவிரிக்கும் இடம் அதுதான்.

காரில் இருக்கும் ஈய–அமில பேட்டரியைப் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே 1859இல் உருவாக்கினார். கார் என்ற ஒன்று வருவதற்கு முன்பே வந்துவிட்ட பொருள். அடிப்படை அமைப்பு இன்றும் அதேதான்: கந்தக அமிலக் கரைசலில் ஈயத் தகடும் ஈய ஆக்சைடு தகடும். ஓர் அறைக்கு இரண்டு வோல்ட்டுக்குச் சற்று மேல், ஆறு அறைகள் சேர்ந்து நாம் சொல்லும் 12 வோல்ட். 1912 மாடல் காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதற்கு முன் இஞ்சினைக் கையால் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். நம் அம்பாசடருக்குக்கூட ஹேண்டில் ஒன்று டிக்கியில் கிடக்கும், செல்ஃப் எடுக்காத காலையில் டிரைவர் அதை முன்பக்கம் சொருகிச் சுற்றுவார். இன்றைய கார்களில் அந்த ஓட்டையே கிடையாது. தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்றால், பெட்ரோல் பம்புக்கும் கணினிக்கும் மின்சாரம் வேண்டும். பேட்டரி அடியோடு இறங்கியிருந்தால் தெருவே கூடித் தள்ளினாலும் பலனில்லை. ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் தள்ளும் பேச்சுக்கே இடமில்லை.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். சிறிய பெட்ரோல் கார்களில் பரவலாக இருப்பது 35 ஆம்பியர்–மணி பேட்டரி. பூட்டி நிறுத்திய பிறகும் கார் முழுதாகத் தூங்குவதில்லை. அலாரம், சாவியின் சிக்னலுக்காகக் காத்திருக்கும் ரிசீவர், கடிகாரம், கணினியின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். 30 என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்–மணி. ஒரு மாதத்தில் 21க்கும் மேல். பேட்டரியின் கொள்ளளவில் அறுபது சதவீதம் காலி. இதற்கு மேல் பேட்டரி தானாகவே உள்ளுக்குள் இழக்கும் சார்ஜ் தனி. வெப்பம் பத்து டிகிரி கூடினால் அந்த இழப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகும். சித்திரை வெயிலில் மேற்கூரை இல்லாத இடத்தில் நிற்கும் வண்டிக்கு இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

இதோடு ஸ்டார்ட் செய்ய ஆகும் செலவை ஒப்பிட்டால் ஒரு வியப்பு காத்திருக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்றால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் இழுப்பது இரண்டு விநாடிக்கு மட்டுமே. கணக்குப் போட்டால் 0.08 ஆம்பியர்–மணி. ஒரு வாரம் சும்மா நிற்கும் கார் இழப்பது அறுபது தடவை ஸ்டார்ட் செய்வதற்குச் சமம்! ஆக, பேட்டரியைக் கொல்வது ஸ்டார்ட் இல்லை, நிற்பது. அந்த ஒரு வார இழப்பான ஐந்து ஆம்பியர்–மணியைப் பத்து நிமிடத்தில் திருப்பிக் கொடுக்க 30 ஆம்பியர் விடாமல் பேட்டரிக்குள் பாய வேண்டும். இஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், ஐடிலில் மெதுவாகச் சுழலும்போது அதன் முழுத் திறனைத் தருவதில்லை. தருவதில் ஒரு பங்கை இஞ்சினே தன் பம்புக்கும் பிளக்குக்கும் ஃபேனுக்கும் எடுத்துக்கொள்ளும். மிஞ்சியதையும் ஓரளவு நிறைந்த ஈய பேட்டரி அவ்வளவு வேகத்தில் விழுங்காது. ஒவ்வொரு ஞாயிறும் கொஞ்சம் கடன் பாக்கி. சில மாதத்தில் செல்ஃப் 'டிக் டிக்' என்று மட்டும் சொல்லும்.

அந்தக் கடன் பாக்கிதான் ஆபத்து. பேட்டரி சார்ஜ் இழக்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. புதிதாகப் படிந்த நுண்ணிய படிகங்கள் சார்ஜ் ஏறும்போது கரைந்து மறுபடி ஈயமாகவும் ஈய ஆக்சைடாகவும் மாறிவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் சிறு படிகங்கள் சேர்ந்து பெரிய, கெட்டியான படிகங்களாக வளர்கின்றன. அவை பிறகு எளிதில் கரைவதில்லை. தகட்டின் பரப்பில் ஒரு பகுதி நிரந்தரமாக வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. இதனால்தான் ஒருமுறை அடியோடு இறங்கி, அப்படியே ஒரு மாதம் கிடந்த பேட்டரி, ஜம்ப் ஸ்டார்ட் செய்து ஓட்டிய பிறகும் பழைய தெம்புக்கு வருவதில்லை. பேட்டரிக் கடைக்காரர் நம்மை ஏமாற்றவில்லை.

சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர் கிடைக்கும். வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்து பேட்டரி முனைகளில் வைத்துப் பாருங்கள். 12.6 என்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். பாதிக்குக் கீழே நாள்கணக்கில் விடக்கூடாது. மாதக்கணக்கில் ஊரில் இருக்கப் போவதில்லை என்றால் பேட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்றி வைத்துவிடுவது எளிய வழி. கறுப்பு வயரைத்தான் முதலில் கழற்ற வேண்டும். காரணம் இருக்கிறது: காரின் உடம்பு முழுவதும் எதிர்முனையோடு இணைந்தது. சிவப்பு முனையை முதலில் திருகும்போது ஸ்பானரின் மறுமுனை உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். கழற்றினால் கடிகாரம் பூஜ்ஜியத்துக்குப் போகும், அலாரம் வேலை செய்யாது. பரவாயில்லை. பார்க்கிங்கில் பிளக் பாயின்ட் இருக்கும் பாக்கியசாலிகள் மெல்ல மெல்ல சார்ஜ் ஏற்றும் டிரிக்கிள் சார்ஜர் வாங்கி மாட்டிவிட்டு இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

இனி அந்தப் பத்து நிமிட உறுமலின் இன்னொரு பக்கம். பெட்ரோல் எரிந்தால் புகை வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் வரும் என்பது பலருக்குத் தோன்றாது. பெட்ரோல் என்பது ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்த சேர்மங்களின் கலவை. எரியும்போது கார்பன், கார்பன் டை ஆக்சைடாகிறது. ஹைட்ரஜன் தண்ணீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் உண்டாகும் தண்ணீர் ஏறத்தாழ ஒரு லிட்டர்! ஓடிச் சூடான இஞ்சினில் இது நீராவியாகவே சைலன்சர் வழியாக வெளியேறிவிடும், நம் கண்ணில் படாது. குளிர்ந்திருக்கும் இஞ்சினைப் பத்து நிமிடம் ஐடிலில் விட்டால் நூறு மில்லி அளவுக்குப் பெட்ரோல் எரியும், கிட்டத்தட்ட அதே அளவு தண்ணீர் உண்டாகும். அது போகும் வழியெல்லாம் குளிர்ந்த இரும்பு. சைலன்சருக்குள் பெரும்பகுதி திரவமாகப் படிகிறது. காலையில் முன்னால் நிற்கும் காரின் புகைக்குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுவது இதுதான். ஓடும் வண்டியில் சற்று நேரத்தில் குழாய் சூடாகி எல்லாம் ஆவியாகும். ஐடிலில் அணைத்த வண்டியில் அடுத்த ஞாயிறு வரை அங்கேயே தேங்கிக் கிடக்கும். குறைவாக ஓடும் கார்களின் சைலன்சர் உள்ளிருந்து வெளியே துருப்பிடித்து ஓட்டையாவதன் ரகசியம் இதுவே.

அந்தத் தண்ணீரின் இன்னொரு பகுதி பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியாகக் கீழே ஆயில் இருக்கும் அறைக்குள் இறங்குகிறது. குளிர்ந்த இஞ்சினுக்குக் கணினி பெட்ரோலைத் தாராளமாகத் தெளிக்கும். எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு அதே வழியில் இறங்கும். எரிதலில் உண்டாகும் சிறிதளவு அமிலங்களும் இவற்றோடு சேரும். ஆக இஞ்சின் ஆயிலில் தண்ணீர், பெட்ரோல், அமிலம் மூன்றும் கலக்கின்றன. சாலையில் இருபது முப்பது நிமிடம் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடாகித் தண்ணீரும் பெட்ரோலும் ஆவியாகி, இன்டேக் வழியாக உறிஞ்சப்பட்டு எரிந்துவிடும். டாஷ்போர்டில் சூட்டு முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று நினைக்க வேண்டாம். அந்த முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. ஆயில் அதைவிட மெதுவாகத்தான் சூடேறும்.

சந்தேகம் இருந்தால் பானெட்டைத் திறந்து, இஞ்சின் மேல் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நன்றாக ஓடும் வண்டியில் தேன் நிறத்திலோ கறுப்பாகவோ மெல்லிய ஆயில் பூச்சு மட்டும் இருக்கும். வாரா வாரம் நின்ற இடத்திலேயே உறுமவிட்ட வண்டியில், குறிப்பாக மழைக்காலத்தில், ஃபில்டர் காபியின் மேல் நுரை நிற்பது போல வெளிர்பழுப்பில் ஒரு குழைவு ஒட்டியிருக்கும். விரலால் தொட்டால் வழவழவென்று வரும். ஆயிலும் தண்ணீரும் கலந்த கலவை அது. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இதை இன்னும் எளிதாகக் காணலாம். ஹெட் கேஸ்கெட் போய்க் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதோ என்று பதற வேண்டாம். கூலன்ட் குறையவில்லை என்றால் பெரும்பாலும் இந்தக் குளிர்ந்த ஓட்டம்தான் காரணம். ஒரு நீண்ட பயணம் போய்வந்தால் அது தானாகக் காணாமல் போகும். கிலோமீட்டர் ஆகவில்லையே என்று ஆயில் மாற்றாமல் விடுவதும் இதே காரணத்தால்தான் தவறு. கையேட்டில் 'இத்தனை கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்தியோ அது' என்று இருப்பதில் அந்த இரண்டாம் பாதி ஓடாத காருக்காகவே எழுதியது. சர்வீஸ் சென்டரின் வியாபாரத் தந்திரம் என்று அதை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள்.

டேங்கில் கிடக்கும் பெட்ரோலும் வயதாகிறது. எளிதில் ஆவியாகும் இலேசான பகுதிகள் மெல்ல விலகிப்போகின்றன. இஞ்சின் குளிரில் சட்டென்று பற்றிக்கொள்ள உதவுபவை அவைதான். சில வகை ஹைட்ரோகார்பன்கள் ஆக்சிஜனோடு வினைபுரிந்து பிசின் போன்ற பொருளாகி இன்ஜெக்டரின் நுண்துளைகளில் படிகின்றன. மூன்று மாதம் வரை கவலையில்லை, ஆறு மாதத்துக்கு மேல் நம்ப வேண்டாம் என்பது பொதுவான அனுபவ விதி.

இப்போது நம் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் பிரியம் அதிகம். தண்ணீர் அளவு மிஞ்சினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சும் இடமும் அடிதான். வாட்ஸப்பில் இதை வைத்து நிறைய பயமுறுத்தல் சுற்றுகிறது. காற்றின் ஈரத்தை மட்டும் உறிஞ்சி, இறுக்கமாக மூடிய டேங்கில் அந்த நிலை வருவதற்கு மிக நீண்ட காலம் பிடிக்கும். மூடியின் ரப்பர் வெடித்துப்போன பழைய வண்டி, மழையில் வெட்டவெளியில் நிற்கும் வண்டி, தண்ணீர் கலந்த பெட்ரோலை வாங்கிய வண்டி ஆகியவற்றுக்குத்தான் உண்மையான ஆபத்து. பழைய கார்களில் எத்தனாலுக்காக வடிவமைக்காத ரப்பர் குழாய்களும் சீல்களும் அதில் ஊறியே கிடந்தால் கெடலாம் என்பது இதைவிடக் கவனிக்க வேண்டிய விஷயம். ஒன்றிரண்டு மாதம் நிறுத்துவதானால் டேங்க் நிறைந்திருப்பது நல்லது. உள்ளே காற்றுக்கும் ஈரத்துக்கும் இடம் குறையும். ஒரு வருடம் என்றால் குறைவாக விட்டுவைத்து, திரும்பி வந்ததும் புதுப் பெட்ரோலை மேலே ஊற்றிக்கொள்ளலாம்.

டயருக்கு வருவோம். ஆயிரம் கிலோ எடையுள்ள கார். ஒரு டயருக்கு 250 கிலோ. காற்றழுத்தம் 33 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ. வகுத்தால் 108 சதுர சென்டிமீட்டர். அவ்வளவு எடையும் நிற்பது நம் உள்ளங்கை அளவுள்ள நான்கு இடங்களில்! காற்று பாதியாகக் குறைந்தால் அந்தப் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும், டயரின் பக்கச் சுவர் அதற்கேற்ப மடங்கும். பஞ்சரே இல்லாமல் மாதத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு பிஎஸ்ஐ ரப்பரின் ஊடாகவே கசிந்துபோகும். மாதக்கணக்கில் ஒரே இடம் அழுந்திக் கிடந்தால் அங்கே டயர் தட்டையாகிவிடும். வண்டியை எடுத்ததும் தடக் தடக் என்று ஸ்டியரிங் அதிரும். சில வாரத் தட்டை என்றால் இருபது நிமிட ஓட்டத்தில் டயர் சூடாகித் தன் உருவத்துக்குத் திரும்பும். காற்று இறங்கிய நிலையில் பல மாதம் கிடந்த தட்டை திரும்பவே திரும்பாது. எனவே நீண்ட நாள் நிறுத்தும் முன் வழக்கத்தைவிட நாலைந்து பிஎஸ்ஐ கூடுதலாகக் காற்று பிடியுங்கள். மாதம் ஒருமுறை வாட்ச்மேனைத் துணைக்கு வைத்துக்கொண்டு அரை அடி முன்னே பின்னே தள்ளி வைத்தாலே போதும்.

டயரின் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் வருவது வேறு கதை. காற்றிலுள்ள ஓசோன் ரப்பர் மூலக்கூறுகளின் சங்கிலியை அறுக்கிறது. அதைத் தடுக்க டயர் ரப்பரில் மெழுகும் தடுப்பு வேதிப்பொருள்களும் கலந்திருக்கிறார்கள். டயர் உருண்டு வளைந்து நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்கு நன்றாகக் கசிந்து வந்து காப்புப் படலமாகப் படர்கின்றன. நிற்கும் டயருக்கு அந்தக் காப்பு போதுமான அளவு கிடைப்பதில்லை. பட்டன் தேயாமல் புதிதாகத் தெரிகிறது என்பதற்காக அந்த டயரை நம்பி நெடுஞ்சாலையில் நூறில் போகாதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. டயரின் வயதைச் சொல்வது பட்டன் இல்லை, அந்த எண்தான்.

பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பு. பெயின்ட் அடிக்க முடியாத பகுதி. காற்றின் ஈரப்பதம் அறுபது சதவீதத்தைத் தாண்டினால் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் உருவாகித் துரு தொடங்கும். அதில் உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உப்பு 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். பெசன்ட் நகரிலும் ஈசிஆரிலும் தூத்துக்குடியிலும் நிற்கும் கார்களின் கதி இதனால்தான் மோசம். மெலிதான துருவை முதல் இரண்டு மூன்று பிரேக்கிலேயே பேடுகள் தேய்த்து எடுத்துவிடும். மாதக்கணக்கில் தின்ற துரு குழியாக விழும்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மாதக்கணக்கில் ஊருக்குப் போவதைப் போன்ற தவறு வேறில்லை. பின்சக்கர டிரம்முக்குள் ஷூ துருவோடு ஒட்டிக்கொள்ளும். திரும்பி வந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி பின்பக்கம் குந்திக்கொண்டு நகர மறுக்கும். சமதரையில் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை அல்லது செங்கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிடுங்கள். பிரேக் ஆயிலும் தண்ணீரை உறிஞ்சும் வகைதான். டாட் 4 தரத்தின்படி ஈரமில்லாத ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு 155 டிகிரி இருந்தாலே போதும். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இந்த 75 டிகிரி வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

ஏசியையும் உறையையும் பற்றிச் சுருக்கமாக: கம்ப்ரஸரின் சீல்களுக்கு ஆயில் போய்ச் சேருவது அதற்குள் சுற்றும் வாயுவோடுதான். மாதக்கணக்கில் சுற்றாவிட்டால் சீல் காய்ந்து கேஸ் கசியும். வண்டியை ஓட்டும்போது பத்து நிமிடம் ஏசியும் ஓடட்டும். கார் உறை பிளாஸ்டிக்காக இருந்தால் தூக்கி எறியுங்கள், துணியாக இருந்தால் வண்டி காய்ந்த பிறகு மட்டும் போடுங்கள். டல்சாக்காரர்கள் சுற்றிய பிளாஸ்டிக் ஈரத்தை வெளியே நிறுத்தவில்லை.

எலியைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்க முடியாது. எலியின் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை, வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டருக்கும் மேல். கடித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாத நிலை வந்துவிடும். அந்தப் பல்லின் கடினம் செம்பைவிட அதிகம். வயரின் மேல் உறை மட்டுமல்ல, உள்ளிருக்கும் கம்பியும் அதற்கு ஒரு பொருட்டில்லை. வயர் உறையில் சோயா எண்ணெய்ப் பொருள் சேர்ப்பதால்தான் எலி தேடி வருகிறது என்று அமெரிக்காவில் வழக்கெல்லாம் போட்டிருக்கிறார்கள். சோயாவைக் கேள்விப்படாத காலத்திலும் எலி வயரைக் கடித்தது. பசியைவிடப் பல்லரிப்பே காரணம் என்பது என் கட்சி. இருட்டு, வெதுவெதுப்பு, யாரும் தொந்தரவு செய்யாத இடம், எலி கேட்கும் மூன்றும் நிற்கும் காரின் பானெட்டுக்குள் இருக்கின்றன. மெக்கானிக்குகள் புகையிலையைக் கட்டித் தொங்கவிடச் சொல்வார்கள், நாப்தலீன் உருண்டை வைக்கச் சொல்வார்கள். வாசனை போகும் வரை ஓரளவு பலன் உண்டு. பார்க்கிங் பக்கத்தில் குப்பைத் தொட்டி இல்லாமல் பார்த்துக்கொள்வதும், வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து வெளிச்சம் காட்டுவதும் அவற்றைவிட உருப்படியானவை. காய்ந்த இலை, பஞ்சு, தேங்காய் நார் கிடந்தால் கூடு கட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஸ்டார்ட் செய்யும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டுங்கள். எலியைத் தேடி வந்த பூனை உள்ளே தூங்கிக்கொண்டிருக்கலாம்.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்6 விதிகளுக்குப் பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருக்கிறது. பிடித்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அதற்குச் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். அது நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போதுதான் வரும். நின்ற இடத்தில் உறுமவிடுவதும் கடைத்தெரு வரை போய்வருவதும் வடிகட்டியை அடைக்கும் வேலை மட்டுமே. மாதம் இருநூறு கிலோமீட்டர்கூட ஓடாதவர் டீசல் வாங்கவே கூடாது. மின்சாரக் காருக்கு ஆயிலும் சைலன்சரும் இல்லை. ஆனால் பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி உண்டு, அதுவும் இறங்கும். பெரிய லித்தியம் பேட்டரியை முழுதாக ஏற்றி வெயிலில் நிறுத்தாமல், பாதி அளவில் நிழலில் விட்டுச் செல்வது நல்லது.

இவ்வளவுக்கும் மருந்து விலை உயர்ந்த எதுவும் இல்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை, முடிந்தால் வாரம் ஒருமுறை, காரை வெளியே எடுத்து அரை மணி நேரமாவது ஓட்டுங்கள். சிக்னலுக்குச் சிக்னல் நின்று ஊர்வதில் பாதிப் பலன்தான். அதிகாலையில் ஜிஎஸ்டி சாலையிலோ ஓஎம்ஆரிலோ நாலாவது ஐந்தாவது கியரில் சீராகப் போய்த் திரும்புங்கள். ஏசி ஓடட்டும், பிரேக்கை நன்றாக மிதித்துப் பாருங்கள். ஓட்ட ஆளில்லை என்றால், வாட்ச்மேனிடம் சாவியைக் கொடுத்து ஸ்டார்ட் மட்டும் போட்டு வைக்கச் சொல்லாதீர்கள். பேட்டரி வயரைக் கழற்றி, டயரில் காற்றைக் கூட்டி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, காரை அப்படியே விட்டுவிடுவது அதைவிடப் பாதுகாப்பானது.

ஒரு வருடத்தில் பத்து நாள்கூட அந்தக் காரில் ஏறப்போவதில்லை என்று தெரிந்தால் விற்றுவிடுங்கள். ஓடாத காரின் விலையும் வருஷா வருஷம் இறங்கத்தான் செய்யும். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ஒருநாள் ஓட்டினாலும் சட்டப்படி குற்றம் என்பதால் பிரீமியமும் கட்டியாக வேண்டும். அந்தப் பணத்துக்கு வருஷம் முழுவதும் டாக்ஸியில் போகலாம்.